அஸ்ஜத் குடிக்காத வைன்

ஜூன் 12, வியாழன்

பட்டம் வாங்கப் பல்கலைக்கழகம் போயிருக்க வேண்டிய நான், பட்டம் விடுகிறவர்களுக்குத் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறேன். ஏ.எல். பரீட்சை முடிவு வந்து ஏழு கிழமை. அம்மா இதை இன்னும் ஒரு பகிடியாக ஒத்துக்கொள்ளவில்லை.

கச்சான் காற்று நன்றாகப் பிடித்துவிட்டது. கற்பிட்டிக் களப்பு முழுக்கப் பட்டம்தான். வெள்ளைக்காரர்கள் காலில் பலகையும் கையில் கயிறுமாகத் தண்ணீருக்கு மேலே ஓடுகிறார்கள், பின்னேரம் பசியோடு கரைக்கு வருகிறார்கள். விடுதிக் குசினியில் நாங்கள் மூன்று பேர். மக்தலேனா அக்கா, மாலைதீவு ஹோட்டல் ஒன்றில் எட்டு வருடம் சமைத்துவிட்டு வந்தவ, எல்லாம் அவதான். அடுத்தது நான். அடுத்தது அஸ்ஜத்.

இன்று அக்காவின் செருப்புக்குள் ஒரு குட்டி நண்டை விட்டேன். அவ கத்தவில்லை. நண்டை எடுத்து மணலில் விட்டா, செருப்பைப் போட்டா, திரும்பிப் பார்க்காமலே "நிலுக்சன், அந்த அண்டா ரெண்டையும் திருப்பிக் கழுவு" என்றா. இந்த விடுதியில் எனக்கு மட்டும் விசாரணை கிடையாது. நேரே தீர்ப்பு.

ஜூன் 15, ஞாயிறு

அஸ்ஜத்தைப் பற்றி ஒரு முறை எழுதிவைக்கிறேன். புத்தளத்தில் டியூசனில் இரண்டு வருடம் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவன் நோட்ஸ் எழுதுவான், நான் அவன் நோட்ஸில் ஆசிரியரின் மீசையை வரைவேன். இரண்டு பேரும் ஒரே பாடத்தில் விழுந்தோம். ஒரே நாளில் இங்கே வேலைக்கு வந்தோம். இங்கேயே ஒரே அறை.

அவனுடைய வாப்பா ஹமீட் பாலாவிச் சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்த குடும்பம். மகனைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கே அக்காவிடம் சொன்னார்: "மீன் கழுவட்டும், கறி ஆக்கட்டும் தங்கச்சி. போத்தல் பக்கம் மட்டும் அவன்ட கை போகப்படாது." அக்கா ஓம் என்றா. விடுதியில் பார் கிடையாது. விருந்தாளிகள் கொண்டுவந்தால்தான் உண்டு. அப்படி வந்தால் கிளாஸ் கழுவுவது என் வேலை.

அவன் என் நண்பன். இதை ஏன் இப்படி அழுத்தி எழுதுகிறேன்?

ஜூன் 18, புதன்

பெரிய கதை. கிளாரா என்று ஒரு விருந்தாளி. அவவின் நாட்டில் வைன் விற்கிறாவாம். அடுத்த மாதம் இருபதாம் திகதி பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறா. ஒரே ஒரு வெள்ளை வைன். அதற்குப் பொருந்துகிற மாதிரி எங்கள் ஊர்ச் சாப்பாடு வேண்டுமாம். பிடித்துப்போனால் ஒவ்வொரு காற்றுக் காலமும் இங்கேதான் வருவார்களாம்.

முதலாளி நீர்கொழும்பிலிருந்து போன் எடுத்து அக்காவிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். கொழும்பில் ஒரு ஹோட்டல் ஸ்கூலில் ஆறு மாதச் சமையல் படிப்பு. செலவு அவருடையது. எங்கள் இருவரில் ஒரு ஆள். யார் என்று அக்கா சொல்ல வேண்டும்.

"ஆளுக்கு மூண்டு சாப்பாடு யோசியுங்கோ" என்றா அக்கா. "இருபத்தொம்பதாம் திகதி கிளாராவுக்கு வச்சுப் பாப்பம். உங்க ரெண்டு பேருக்கும் இருபத்தொரு வயசு ஆகல்ல. ஒரு சொட்டு வாயில பட்டுது எண்டு தெரிஞ்சா ரெண்டு பேரும் வீட்டுக்கு."

கிளாரா ஒரு பச்சைப் போத்தலைக் காட்டி "டிரை, கிரிஸ்ப்" என்றா. நான் விடவில்லை. "டிரை எண்டா காய்ஞ்சது. போத்தலுக்குள்ள சளசள எண்டு கிடக்கிற சாமான் எப்பிடிக் காயும்? கருவாட்டோட சேர்த்து வாடியில காயப் போட்டவையளோ? கிரிஸ்ப் எண்டா அப்பளம். அப்ப கடிச்சுத்தான் குடிக்கோணும்." அக்காவே சிரித்துவிட்டா. அஸ்ஜத் சிரிக்கவில்லை. "அப்ப இனிப்பு இல்லாதது போல" என்றான்.

பகிடியை விளங்கப்படுத்துகிறவனை என்ன செய்வது?

வைன் எங்கள் கத்தோலிக்கரின் சாமான். எட்டு வருடம் பூசைக்கு உதவியிருக்கிறேன். பன்னிரண்டு வயதில், சுவாமி உடுப்பு மாற்றுகிற இடைவெளியில், கோயில் பின்னறை வைன் குப்பிக்குள் விரலை விட்டு நக்கியும் இருக்கிறேன். நத்தார்ப் பண்டிகைக்கு அம்மா கேக்கோடு சின்னக் கிளாஸில் ஊற்றித் தருவா. வைன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அஸ்ஜத்துக்கு என்ன தெரியும்? பாவம்.

ஜூன் 22, ஞாயிறு

பூசையில் குப்பியைப் பார்த்தபோது கொழும்பு தெரிந்தது. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று அவன் செய்த வேலையைப் பார்.

பின்னேரம் கிளாரா அந்தப் போத்தலைத் திறந்து மேசையில் இருந்தா. அஸ்ஜத் குசினியிலிருந்து ஒரு தட்டத்தோடு போனான். தட்டத்தில் வெட்டின தேசிக்காய், மாங்காய், விளாம்பழம், நெல்லி, புளி ஒரு உருண்டை, ஒரு பச்சை அப்பிள். இவ்வளவும் சரி. அதோடு கரையில் பொறுக்கின ஈரச் சிப்பி ஒன்று, ஒரு கை உப்பு! கிளாஸிலிருந்து நாலு முழம் தள்ளி நின்றுகொண்டு, தன்னுடைய ஒடிந்த இங்கிலீசில், "மேடம், மணந்து பாருங்க. இதுல எது மாதிரி?" என்றான்.

கிளாரா நிமிர்ந்து உட்கார்ந்தா. ஒவ்வொன்றாக எடுத்து மணந்தா, கிளாஸை மணந்தா. தேசிக்காய், அவ சொன்ன லெமன் — ஓம். மாங்காயின் தோல் — ஓம், ஓம். விளாம்பழம் இல்லை, புளி இல்லை. சிப்பியை மூக்கில் வைத்ததும் மேசையில் தட்டினா. அவன் எல்லாவற்றையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டான், டியூசனில் எழுதுகிற அதே முத்து முத்தான எழுத்தில்.

வைனை மணந்து தெரிந்து பரிமாறுகிற ஏதோ ஒரு வேலையின் பெயரைச் சொல்லி, நீ அதுவாக வரலாம் என்றா கிளாரா. சொமாலியா என்று என் காதில் விழுந்தது. போகட்டும், சொமாலியாவுக்கே போகட்டும்.

நானும் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? தெரிந்தவன் எதற்குக் கேட்க வேண்டும்?

ஜூன் 29, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

முதலில் என்னுடையது. அன்னாசியும் சீனிப்பாகும் போட்டுப் பிரட்டின இறால். சர்க்கரைப் பாகில் உருட்டின கஜு. கடைசியில் தொதல், வைர வடிவமாக வெட்டி, மேலே எள்ளு. வைன் இனிப்பு, சாப்பாடும் இனிப்பு, ஒன்றையொன்று கட்டிப்பிடிக்கும் என்று கணக்கு.

கிளாரா தொதலைக் கடித்தா. கிளாஸை எடுத்து ஒரு மிடறு குடித்தா. முகம் அப்படியே சுருங்கியது. பல் கூசின மாதிரி ஒரு கண்ணை மூடினா. "சொறி" என்றா. அவ என்னிடம் மன்னிப்புக் கேட்கிறா!

அந்த வைனில் ஒரு துளி இனிப்பும் இல்லையாம். டிரை என்றால் அதுதானாம். கோயில் வைனும் நத்தார் வைனும்தான் இனிப்பு. உலகத்தில் மிச்ச வைன் எல்லாம் வேறாம். இனிப்புத் தின்றபிறகு குடித்தால் வெறும் புளித்தண்ணீர்தானாம். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே — சொன்னான். அஸ்ஜத் சொன்னான். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவனுடையது. மா தொட்டுப் பொரித்த கணவாய், மேலே புத்தளத்து உப்பு மட்டும். ஆவியில் அவித்த களப்பு நண்டு. பிறகு இறால் போட்டு ஒரு தேங்காய்ப்பால் சொதி. மஞ்சள் கொஞ்சம், பச்சைமிளகாய் ஒன்றே ஒன்று, தேசிக்காய் விடவே இல்லை. அக்கா கேட்டா, "தேசிப்புளி விடாத சொதியா?"

அவன் சொன்னான்: "பொரிச்ச மீனுக்கு நாம தேசிக்கா புழியிறம்தானே அக்கா. இதுல அந்த வைன்தான் தேசிக்கா. சட்டிக்குள்ள நாமளும் புழிஞ்சா ரெண்டும் சண்டை புடிக்கும். ஒறைப்புக் கூடினாலும் நாக்கு எரியும், வைன் தெரியாது."

கிளாரா கணவாயைக் கடித்து, குடித்து, கண்ணை மூடினா. இந்த முறை இரண்டு கண்ணையும். சொதிக் கோப்பையைச் சாய்த்து அடிவரைக்கும் குடித்தா. போத்தல் அதோடு முடிந்தது.

அந்த வைன்தான் தேசிக்காய். இவ்வளவுதான். ஒரு வரி. வாயில் ஒரு சொட்டு வைக்காதவன் சொல்கிறான். எட்டு வருடம் குப்பி தூக்கினவன் தொதல் வெட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஜூன் 30, திங்கள்

பொறாமைக்குள்ளே ஒரு ஆமை இருக்கிறது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்தால் இறங்காது.

ஜூலை 4, வெள்ளி

கிளாரா அறுகம்பே போய்விட்டா. பத்தொன்பதாம் திகதி கூட்டத்தோடு வருவா. வைன் பெட்டி கொழும்பிலிருந்து தனியாக வரும்.

இப்போது விடியற்காலையில் அக்கா துறைக்கு மீன் பார்க்கப் போகும்போது அஸ்ஜத்தைத்தான் கூட்டிக்கொண்டு போகிறா. முன்பு என்னைத்தான். நான் மீன்காரரோடு வாய் கொடுத்து விலை குறைப்பேன். அவன் நண்டைத் தூக்கி வயிற்றை அமத்திப் பார்க்கிறானாம். அக்கா வந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. "அந்தப் பொடியன்ட கையில ஒரு கதை இருக்கு."

என் கையில் ஸ்பொஞ்ச் இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

லீவு நாள். வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. அக்கா கோயிலில் கண்டு சொல்லியிருக்கிறா.

"அந்த அஸ்ஜத் கெட்டிக்காரன் என்னடா. கேட்டுக் கேட்டுப் பிடிக்கிறானாம். நீயும் இருக்கிறியே, வாய்."

"அவனையே மகனா எடுங்கோவன். லீவுக்கு அவன வரச் சொல்லுறன்."

"அவன் வந்தா ஒரு கறியாவது வச்சுத் தருவான்."

அம்மா பகிடிக்குத்தான் சொன்னா. பகிடி இப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியாது. அதுவும் என் வீட்டில், என் பீங்கானில் சோறு தின்கிறபோது.

ஜூலை 11, வெள்ளி

அவன் ஜும்மாவுக்குப் போயிருந்தான். சொதியை அடுப்பில் வைத்துவிட்டு, "மச்சான், கொதிக்க விடாம துழாவிக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் துழாவினேன். துழாவினேன். பால் திரையவில்லை. நன்றாகவே பார்த்தேன். அக்கா எட்டிப் பார்த்து, "அஸ்ஜத்ட சொதி இன்னும் இறக்கல்லயா?" என்றா.

அஸ்ஜத்ட சொதி. ஒரு மணித்தியாலம் துழாவினது என் கை.

அவன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து கரண்டியில் எடுத்து ருசி பார்த்தான். தலையை ஆட்டினான். அப்போது என் வாய் தானாகத் திறந்தது.

"எப்பிடி மச்சான்? அரைக் கோப்பை வைன் விட்டிருக்கிறன். வெள்ளைக்காரன்ட சமையல்ல அப்பிடித்தானாம். சோக்கா இருக்கா?"

கரண்டியோடு துரத்துவான் என்று நினைத்தேன். டியூசனில் அவனுடைய தண்ணீர்ப் போத்தலுக்குள் உப்புப் போட்டபோது துரத்தின மாதிரி.

அவன் துரத்தவில்லை. கரண்டியை மெதுவாக வைத்தான். பின்பக்கப் பைப்படிக்குப் போய் வாயைக் கொப்பளித்தான், கொப்பளித்தான். தொண்டைக்குள் விரலை விட்டான். நான் ஓடிப் போய், "டேய் பகிடிடா, ஒண்டும் விடல்லடா" என்றேன். அவனுடைய கண் எல்லாம் தண்ணீர். என் முகத்தை ஒரு முறை பார்த்தான். பிறகு அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு றோட்டுக்குப் போய்விட்டான்.

அக்காவிடம் "அஸ்ஜத்துக்குக் காய்ச்சல், வீட்ட போயிட்டான்" என்று சொன்னேன். அதுவும் நான்தான் சொன்னேன்.

ஜூலை 12, சனி

வேனில் வைன் பெட்டி வந்தது. இரண்டு பெட்டி. நான்தான் இறக்கி, குளிர்ப்பெட்டியில் அடுக்கினேன். அக்கா பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டா.

அவனுக்கு ஏழு தரம் அழைத்தேன். எடுக்கவில்லை. மெசேஜைப் பார்த்திருக்கிறான். இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஹமீட் நானா அக்காவுக்குப் போன் எடுத்திருக்கிறார். மகன் இனி வரமாட்டான் என்றாராம். ஏன் என்று சொல்லவில்லையாம். அக்கா போனை வைத்துவிட்டு மரக்கறிக் கூடையை ஓரமாகத் தள்ளினா. பிறகு என்னைக் கூப்பிட்டா.

"அப்ப இனி நீதான். அவன்ட சாப்பாட்டயே செய்வம். வேற யோசிக்க நேரமில்ல. இருபதாம் திகதி ஒழுங்கா முடிஞ்சா கொழும்புக்கு உன்ட பேரத்தான் குடுக்கப் போறன்."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. உண்மையைச் சொல்லவா? அரை நாள் சந்தோசமாக இருந்தேன். முழு அரை நாள். கண்ணாடியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட மாதிரி நின்றும் பார்த்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

சொதி வைத்தேன். அவன் எழுதின துண்டைப் பார்த்து, அவன் அளவில், அவன் சட்டியில். பால் திரைந்துபோனது. திருப்பி வைத்தேன். திரையவில்லை. ஆனால் வெறும் பால்.

இராத்திரி அவனுடைய கட்டில் காலியாகக் கிடக்கிறது. பேச ஆளில்லை. நான் சொல்கிற பகிடிக்கு முறைக்கக்கூட ஆளில்லை.

சொல்ல வேண்டும். யாருக்கு? அவனுக்கு மட்டும் சொன்னால் போதாதா? அக்காவுக்கு எதற்கு? அவனிடம் உண்மையைச் சொன்னால் அவன் வந்துவிடுவான், அக்காவுக்கு ஒன்றும் தெரியத் தேவையில்லை — இப்படி எல்லாம் யோசிக்கிறேன். நான் எவ்வளவு கெட்டிக்காரன், பார்.

ஜூலை 16, புதன்

பாலாவிக்கு பஸ் ஏறிப் போனேன். கடையில் பகல் சனம். ஹமீட் நானா பராட்டாத் தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தவர் என்னைக் கண்டு நின்றார். ஏசுவார் என்று நினைத்தேன். "வாங்க மகன், இரிங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டார். பிளேன்டீ வந்தது. குடிக்க முடியவில்லை.

அஸ்ஜத் உள்ளேயிருந்து வந்து எதிரே இருந்தான். நான் ஒரே மூச்சில் சொன்னேன். ஒரு சொட்டும் விடவில்லை, பகிடி, பொறாமை, என்ட வாய், எல்லாம்.

"முடிஞ்சா?" என்றான்.

"சத்தியமாடா."

"டியூசன்ல ஸேருக்கு விபத்து எண்டு சத்தியம் பண்ணி எங்களையெல்லாம் வீட்ட அனுப்பினாய். நினைவிருக்கா? அண்டைக்கும் இதே மூஞ்சி. வெள்ளிக்கிழமை வைன் விட்ட எண்டு சொல்லக்குள்ளயும் இதே மூஞ்சி. இப்ப விடல்ல எண்டும் இதே மூஞ்சியாலதான் சொல்றாய். நான் எத நம்பிற?"

எனக்கு வேறு மூஞ்சி இல்லை.

ஹமீட் நானா மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தெரியாம வாய்ல பட்டா அது குத்தமில்ல மகன், அல்லாஹ் மன்னிப்பான். அவனுக்கும் அதத்தான் சொன்ன. ஆனா இதப் பகிடியா எடுக்கிற எடத்துக்கு இனியும் புள்ளய அனுப்பினா, அல்லாஹ் என்னத்தான் கேப்பான். மகனை அங்க விட்ட நாளையில ஊர்ல எத்தன பேர் குறை சொல்லி என்னோட கதச்ச தெரியுமா? அந்தப் புள்ளட வாக்குல நம்பித்தான் விட்ட."

அந்தப் புள்ள என்றது மக்தலேனா அக்காவை.

பிளேன்டீக்குக் காசு வாங்கவில்லை. அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஜூலை 17, வியாழன்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. முழுவதையும் சொன்னேன், காய்ச்சல் பொய்யையும் சேர்த்து. அவ கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை இந்தக் குசினியில வைன் எங்கயடா இருந்தது?"

நான் குளிர்ப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"கிளாராட போத்தல் ஜூன்லயே முடிஞ்சு. பெட்டி சனிக்கிழமைதான் வந்த. நீயே இறக்கின. விடுறதுக்கு ஒரு சொட்டு இருந்ததா? நடக்கவே ஏலாத பொய் எண்டு உனக்கே ஒரு கிழமையா விளங்கல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது. பாலாவியில் இதைச் சொல்லியிருந்தால்! ஆனால் நான் சொல்லி யார் நம்புவது? வேன் வந்த திகதியும் என் வாயிலிருந்து வந்தால் பொய்யாகத்தான் கேட்கும்.

"நாளைக்கு நானும் வாறன்" என்றா அக்கா. "நீயும் வா. ஆனா வாயத் திறக்காத."

"கொழும்பு?" என்று கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன், தெரியவில்லை.

அக்கா நிமிர்ந்து பார்த்தா. "அதையும் கேக்கிறியே. இருபதாம் திகதி அடுப்புப் பக்கம் வராத. தட்டுத் தூக்கு."

ஜூலை 18, வெள்ளி

ஜும்மா முடிந்தபிறகு போனோம். அக்கா வேன்காரன் தந்த பில்லைக் கொண்டுவந்திருந்தா, பன்னிரண்டாம் திகதி போட்டது. அதை ஹமீட் நானாவின் கையில் கொடுத்தா. "நானா, உங்களுக்குக் குடுத்த வாக்கு அப்பிடியே இருக்கு. உங்கட மகன்ட வாயில ஒண்டும் படல்ல. என்ட குசினியில இப்பிடி ஒரு கதை வந்ததுக்கு நான்தான் மன்னிப்புக் கேக்கோணும்."

அக்கா மன்னிப்புக் கேட்டா. என் பொய்க்கு. நான் வாசலில் பராட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று வெந்துகொண்டிருந்தேன்.

ஹமீட் நானா பில்லை இரண்டு தரம் வாசித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நீ சொன்னாப் போதும் தங்கச்சி. இந்தத் துண்டு தேவல்ல" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "அஸ்ஜத், பைய எடு" என்றார்.

வரும்போது அவன் த்ரீவீலில் அக்காவுக்குப் பக்கத்தில். நான் பின்னால் பஸ்ஸில்.

ஜூலை 20, ஞாயிறு

பதின்மூன்று பேர், மூன்று மேசை, காற்றுக்கு அணையாத மாதிரி கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகுதிரி. நான் தட்டுத் தூக்கினேன்.

கணவாய் போனது. ஒரு மேசை அமைதியானது. நண்டு போனது. நண்டுக்கு எல்லோரும் கையால் இறங்கிவிட்டார்கள், வெள்ளைச் சட்டை எல்லாம் நாசம், கிளாஸ் எல்லாம் விரல் அடையாளம். சொதி போனபோது ஒரு கிழவர் எழுந்து நின்று குடித்தார். உண்மையாகத்தான். இதில் பொய் இல்லை.

நான் குசினி வாசலில் நின்று அவனைப் பார்த்தேன். கரண்டியை இடது கைக்கு மாற்றி வலது கையால் உப்புத் தூவுகிறான். யாரையும் பார்க்கவில்லை. எனக்கு நெஞ்சு எரிந்தது. வெட்கம் பாதி. மீதி பாதி என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவு நடந்த பிறகும் அது போகவில்லை.

கிளாரா என்னைப் பிடித்து நிறுத்தி, இதையெல்லாம் யார் யோசித்தது என்றா. ஒரு செக்கன் — ஒரே ஒரு செக்கன் — என் வாய் வேறு பெயரைச் சொல்லப் பார்த்தது.

"அஸ்ஜத்" என்றேன்.

இராத்திரி மிச்சமிருந்த சோற்றை நான் போட்டு நீட்டினேன். "வேணாம்" என்றான். தன் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்றான். தண்ணீரும் அவனுடைய போத்தலில்தான்.

ஜூலை 21, திங்கள்

கிளாரா கூட்டம் அடுத்த வருடத்துக்கும் இடம் பிடித்துவிட்டது. அக்கா முதலாளிக்குப் பெயர் கொடுத்துவிட்டா. எழுதத் தேவையில்லை, யார் என்று.

ஓகஸ்ட் 6, புதன்

தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு அம்மாவோடு போனேன். அன்னம்மாளிடம் என்ன கேட்டாய் என்று அம்மா கேட்டா. "பாவசங்கீர்த்தனத்துக்கு லைன் குறையோணும் எண்டு" என்றேன். சுவாமியிடம் பாவத்தைச் சொல்ல மூன்று மணித்தியாலம் நின்றேன், அம்மா. முன்னால் போவதற்காக யாருக்கும் ஒரு கதையும் விடவில்லை.

ஓகஸ்ட் 30, சனி

அஸ்ஜத் கொழும்புக்குப் போகிறான். பெட்டி கட்டும்போது அறையில் இரண்டு பேரும். ஆறு கிழமையாக ஒரே அறையில் ஓம், இல்லை, லைட்டை அணை — இவ்வளவுதான் கதை.

"போய்ட்டு வாறன்" என்றான்.

"அங்க வைன் வகுப்பும் இருக்காம்" என்றேன்.

"தெரியும். அங்கத்த ஸேர்ட்ட முன்னயே சொல்லிட்டேன். மணந்து பாக்கவும் மாட்டேன், மத்தவங்கள்ட கேட்டு எழுதிக்கிறேன் எண்டு. ஓம் எண்டிட்டாங்க."

கை கொடுக்கவா என்று யோசிப்பதற்குள் த்ரீவீல் ஹோர்ன் அடித்தது.

செப்டெம்பர் 17, புதன்

காலையில் அக்கா துறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனா. மீன்காரர் வாய்க்கு வாய் இழுத்தார். நான் வாய் கொடுக்கவில்லை. நண்டின் வயிற்றை அமத்திப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. "இது நல்லதா?" என்று கேட்டேன். மீன்காரருக்கு நெஞ்சு வலி வராதது அதிசயம்.

ஒக்டோபர் 11, சனி

காற்று விழுந்துவிட்டது. பட்டக்காரர் ஒருவரும் இல்லை. அக்கா லீவில். பகலுக்கு எனக்கும் காவல்கார அண்ணனுக்கும் மட்டும் பாரைமீனில் புளிக்குழம்பு வைத்தேன்.

இரண்டு மணி போல வாசலில் ஆள். தலைமயிர் ஒட்ட வெட்டி, ஸ்கூல் பெயர் போட்ட பை. கொழும்பு பஸ் பாலாவியில் நின்றிருக்கும், வீட்டுக்குத்தானே முதலில் போயிருக்க வேண்டும்? நான் கேட்கவில்லை.

அஸ்ஜத் பையைக் கழற்றி வாங்கில் போட்டான். கையைக் கழுவினான். சட்டியைத் திறந்து பார்த்தான்.

"பசிக்கிது" என்றான். "போடு."

போட்டேன். குழம்பு பீங்கான் விளிம்பில் வழிந்தது. அவன் குனிந்து, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். கடைசியில் விரலை நக்கிவிட்டு, "புளி கூடிட்டு" என்றான்.

எனக்கு வந்தது பார் ஒரு கோபம்! ஒன்றரை மாதம் படித்துவிட்டு வந்து என் சட்டிக்குத் தீர்ப்புச் சொல்கிறான். அவன் போகும்வரை முகத்தை உம்மென்று வைத்திருந்தேன்.

போனபிறகு சட்டியில் மிச்சமிருந்ததை நக்கிப் பார்த்தேன். கூடத்தான்.